சுத்தியல் படாத தந்தியும் முனை மூடிய சைலன்சர் குழாயும்: இவை எதற்கு?

தோட்டத்து மண்டபம், சுங்கை சிப்புட்:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் மண்டபத்தில் பழைய நிமிர்நிலைப் பியானோ ஒன்றும், மின்தடைக்கென ஒற்றைச் சிலிண்டர் ஜென்செட் ஒன்றும் உள்ளன. பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றியபோது, பாலத்தை (தந்தியின் அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்தும் கட்டையை) தாண்டிச் செல்லும் தந்தியின் வால்பகுதியில் சிவப்புக் கம்பளிப் பட்டை பின்னப்பட்டிருந்தது. அதை உருவிவிட்டால் ஓசை தெளியும் என்கிறார் நண்பர் ஒருவர். ஜென்செட்டின் துருப்பிடித்த சைலன்சரை வெட்டிய பட்டறைக்காரரோ, உள்ளே ஒருமுனை மூடிய குழாயைக் காட்டி, புகை போகாத இது வீண், புதியதில் வேண்டாம் என்கிறார். இருவர் சொல்வதும் சரிதானா?

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:
தம்பி, பட்டையில் கை வைக்க வேண்டாம். ஒன்று ஒலிக்கும்போது அதே சுருதியுள்ள மற்றொன்று தானாக அதிர்வதே ஒத்ததிர்வு. ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பற்றி 1863இல் விரிவாக எழுதிய பிறகு, அதைப் பியானோவுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் பியானோ தயாரிப்பாளர் தியோடோர் ஸ்டைன்வே. அடிக்கப்படும் பகுதியோடு இசைந்து ஒலிக்கும்படி வால்பகுதியின் நீளத்தை அளந்து அமைக்கும் முறைக்கு அவர் 1872இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே ஜெர்மனியின் பியானோ தயாரிப்பாளர் புளூத்னர், உச்சஸ்தாயியில் சுரத்துக்கு மூன்றாக இருந்த தந்திகளோடு சுத்தியல் தொடாத நான்காவது தந்தியையே சேர்த்தார்; மீட்டாமலே இசைந்து ஒலிக்கும் சிதாரின் தரப் தந்திகளை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது. ஆனால் அப்படி அளந்து அமைக்கப்படாத பியானோவில் வால்பகுதி தன் போக்கில் பொருந்தாச் சுருதியில் முனகும் என்பதால்தான் கம்பளியால் அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். ஓசை மங்கியிருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் துருவேறிய தந்தியையும் ஈரத்தில் தளர்ந்துபோன சுத்தியல் கம்பளியையும் முதலில் சுருதி சேர்ப்பவரிடம் காட்டுங்கள்.

பட்டறை, தைப்பிங்:
ஐயா சொன்ன அதே ஒத்ததிர்வுதான் சைலன்சரில் எதிர்வேலை செய்கிறது. மூடிய குழாய்க்குள் நுழையும் ஒலியலை முட்டித் திரும்பும்போது, அதன் நீளம் அலைநீளத்தில் கால்பங்காக இருந்தால், சரியாக அரைச்சுழற்சி பிந்தி வந்து, முதன்மைக் குழாயில் வரும் அலையை அழிக்கிறது. ஆகவே புகை போகாவிட்டாலும் அது சும்மா இல்லை. சூடான புகையில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 500 மீட்டர் என வைத்தால், 50 செ.மீ. குழாய் நொடிக்கு 250 அதிர்வுள்ள ஓசையை அடக்கும். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) என்பதால் சிறிய ஜென்செட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் நிலையாக ஓடுகின்றன. சுற்று மாறிக்கொண்டே இருக்கும் மோட்டார் சைக்கிளைவிட, இதில் இத்தகைய குழாய் நன்றாகப் பயன்படும்.

தோட்டத்து மண்டபம், சுங்கை சிப்புட்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணே. அப்படியானால் அந்தக் குழாய் ஒன்றை மட்டும் வைத்தால் போதுமா?

பட்டறை, தைப்பிங்:
போதாது. நான்கு வீச்சு இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால், நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 25 வெடிப்பு. அந்த அடித்தொனிக்குக் கால்பங்கு நீளம் 5 மீட்டர் ஆகிவிடும். அதைத் தணிக்க அகன்ற அறைதான் வேண்டும். எனவே பழைய சைலன்சரின் அறை அளவையும், மூடிய குழாயின் உள்நீளத்தையும், புகை செல்லும் துளைகளின் விட்டத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். துளையைச் சுருக்கினால் சத்தம் குறையலாம். ஆனால் புகை பின்னுக்குத் தள்ளி இஞ்சின் சூடேறும்.