பெரியவர்களுக்கான ஃபேரி டேல் நாவல்: 'விந்தை நாவல்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நூலறிமுகம் எழுதும் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நவோமி நோவிக்கின் 'அப்ரூட்டட்' (2015) போன்ற நாவல்களை, அதாவது ஃபேரி டேல் (தேவதைக் கதை) உலகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர்களுக்கென்றே எழுதப்படும் மிகுபுனைவுகளை (ஃபேன்டசி), தமிழில் எப்படிக் குறிப்பது? 'தேவதை', 'முதியோர்', 'வயது வந்தோர்' போன்ற சொற்களை வைத்து இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். பெயரில் தேவதையும் வேண்டாம், வயதும் வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் தேவதை. 'அப்ரூட்டட்'டில் ஒரு தேவதைகூடக் கிடையாது. ஒரு கோபுரத்தில் மந்திரவாதி, பள்ளத்தாக்கை மெல்ல விழுங்கிவரும் காடு, அந்தக் காட்டுக்கு அஞ்சி வாழும் ஊர்கள், இவைதான் கதை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளிலும் பெரும்பாலானவற்றில் தேவதை வருவதில்லை. 1697இல் பாரிஸில் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் டோனுவா தன் கதைத் தொகுப்புக்கு வைத்த பிரெஞ்சுப் பெயரே ஆங்கிலத்தில் ஃபேரி டேல் ஆனது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றித்தான் 'தேவதைக் கதை' என்கிறோம். நம் ஊரில் தேவதை என்றால் எல்லையில் காவல் நிற்கும் தெய்வம் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் அழகான பெண். இரண்டுமே இங்கே ஒட்டவில்லை.

அடுத்து வயது. 'முதியோர்' என்றால் அறுபதைக் கடந்தவர்கள். 'வயது வந்தோர்' என்றால் தணிக்கைச் சான்றிதழ்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு கி. ராஜநாராயணன் பாலியல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயரிட்டதால், அந்தத் தொடருக்குத் தமிழில் ஒரு பொருள் உறுதியாகிவிட்டது. அதை அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. வயதைப் பெயரில் சேர்த்தால், இந்தக் கதைகள் இயல்பிலேயே குழந்தைகளுடையவை, பெரியவர்கள் இடையில் வந்து கடன் வாங்கினார்கள் என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். நடந்தது வேறு. டோனுவாவின் கதைகளைப் பாரிஸ் வரவேற்பறைகளில் கூடிய பெரியவர்கள் சொன்னார்கள், கேட்டார்கள். கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பு ஆய்வுக் குறிப்புகளோடு வந்தது. அதில், கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்ஸெல் என்ற பெண், தன் உடைகள் ஏன் இறுகிப்போகின்றன என்று வெகுளியாகக் கேட்டு, தான் கருவுற்றிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுவாள். பிந்தைய பதிப்புகளில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், இந்தக் கதைகள் குழந்தைகளின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு தற்செயல் என்றார். பெரியவர்களுக்கு வேண்டாத பழைய நாற்காலி, மேசைகளைக் குழந்தைகளின் அறையில் போட்டுவிடுவது போலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். எனக்கு அது முழுக்கச் சரி என்றே படுகிறது.

தொல்காப்பியத்திலிருந்து 'பொய்ம்மொழி'யை எடுத்துத் தந்த ஐயாவுக்கு நன்றி. உரைநடையின் நான்கு வகைகளைச் சொல்லும் செய்யுளியல் நூற்பாவில் 'பொருளொடு புணராப் பொய்ம்மொழி' ஒன்று. யானையும் குருவியும் நட்புக் கொண்டு இன்ன இடம் போய் இன்னது செய்தன என்பது போன்ற கதையை அதற்கு எடுத்துக்காட்டுகிறார் பேராசிரியர் என்ற பழைய உரைகாரர். உரைநடையின் ஒரு கூறு செவிலிக்கு, அதாவது வளர்ப்புத்தாய்க்கு, உரியது, மற்றொன்று 'யார்க்கும் வரைநிலை இன்று', அதாவது யாருக்கும் விலக்கில்லை என்றும் அங்கேயே வருகிறது. செவிலி சொல்லும் கதை எது, எல்லாருக்குமான கதை எது என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்! ஆனாலும் அட்டையில் 'பொய்ம்மொழி நாவல்' என்று போட்டால் இன்றைய வாசகர் ஏமாற்று வேலை என்றுதான் எடுத்துக்கொள்வார். 'செவிலிக் கதை' மருத்துவமனைக்குப் போய்விடும்.

ஆகவே என் பரிந்துரை 'விந்தை'. வாய்மொழியில் வழங்குவது விந்தைக்கதை. அதன் உலகில் ஓர் எழுத்தாளர் விரித்து எழுதுவது விந்தை நாவல். மிகுபுனைவு பெருந்தலைப்பாக இருக்கட்டும். 'மாயம்' ஏற்கெனவே மாய யதார்த்தத்துக்குப் போய்விட்டதால் அதைத் தொடவில்லை. விந்தை மென்மையான சொல், இந்த நாவல்களின் கொடூரத்தைத் தாங்காது என்று அக்கா எழுதியிருந்தார். 'இருட்டில் விந்தையான ஒரு குரல்' என்று சொல்லிப் பாருங்கள், பயம் தானாக வருகிறது.

வயதைச் சொல்லும் வேலையை நாவல் என்ற சொல்லே செய்துவிடும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மந்திரவாதி ஒரு பெண்ணைக் கொண்டுபோவான் என்று விந்தைக்கதை ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். நோவிக் அந்த ஒரு வரிக்குள் புகுந்து பார்க்கிறார். திரும்பி வரும் பெண்கள் ஏன் ஊரில் தங்குவதில்லை? காஷ்யாவைத்தான் கொண்டுபோவான் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, அவளுடைய தாய் எப்படி மனத்தை இறுக்கிக்கொண்டு மகளை வளர்த்தாள்? கடைசியில் அவள் தோழி அக்னியேஷ்காவைக் கொண்டுபோனதும், பிரிவுக்கென்றே வளர்க்கப்பட்ட காஷ்யா என்ன ஆவாள்? நான் இந்த நாவலைக் கீழே வைக்க முடியாமல் படித்தது இந்தக் கேள்விகளுக்காகத்தான். மந்திரச் சண்டைகள் எனக்கு அடுத்தபடிதான்.

முதலில் 'விந்தைப் புதினம்' என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் நினைவூட்டியது போல, ஈழத்துப் பேச்சில் புதினம் என்றால் செய்தி. 'என்ன புதினம்?' என்று விசாரிப்பவர்களுக்கு விந்தைப் புதினம் வினோதமான செய்தியாகிவிடும். நாவல் இரு கரையிலும் புழங்கும் சொல், அதுவே இருக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: 'போலந்து நாட்டுப்புறக் கதைகளை அடியொற்றிய விந்தை நாவல்.' 'விந்தை நாவல் எழுத்தாளர்.' நாக்கு இடறவில்லை. உங்களுக்கும் அப்படியே இருந்தால் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.

அப்புறம், ஃபேரி என்ற உயிரினத்துக்கு மட்டும் தனியாக ஒரு சொல் தேவைப்படும். ஆங்கில எழுத்தாளர் சுசன்னா கிளார்க்கின் 2004 நாவலான 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் & மிஸ்டர் நோரெல்'லில் வரும் ஃபேரி, இறந்த பெண்ணை உயிர்ப்பித்து அவள் வாழ்நாளில் பாதியை விலையாக வாங்கிக்கொள்கிறான். இரவுதோறும் தன் மாளிகைக்கு இழுத்துப்போய் ஆடவைக்கிறான். அவனைத் தேவதை என்று எழுத எனக்குக் கை வராது. அழகாலும் அச்சத்தாலும் வருத்துவதைச் சங்கப் பாடல்கள் 'அணங்கு' என்கின்றன. இன்று அது பெண்ணையே குறிக்கிறது என்ற தடை எழும், தெரியும். ஆண் பாத்திரத்துக்கு அது செல்லுமா என்று சங்க இலக்கியம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்