பொருள்: துண்டறிக்கைக்கு இரண்டு சொல் வேண்டும் (மீடியேஷன், ஆர்பிட்ரேஷன்)

அன்பர்களே,
சனிக்கிழமை காசிமேட்டில் விசைப்படகுக்காரர்களுக்கு வகுப்பு. ஐஸ் பாக்கி, இன்ஜின் ரிப்பேர் பாக்கி என்று வரும் தகராறுகளுக்கு எந்த வழியில் போகலாம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மீடியேஷனில் நடுவில் இருப்பவர் இரு தரப்பையும் பேசவைப்பார்; ஆர்பிட்ரேஷனில் அவரே முடிவு சொல்வார். இரண்டுக்கும் ‘மத்தியஸ்தம்’ என்றே போட்டுவந்தேன். போன வகுப்பில் ஒருவர் எழுந்து, “மத்தியஸ்தர் சொல்றது புடிக்கலன்னா எந்திரிச்சி வந்துரலாமா?” என்றார். எந்த மத்தியஸ்தர் என்று திருப்பிக் கேட்கவேண்டியதாயிற்று. நாளை மாலை அச்சுக்குப் போகிறது.
— தண்டையார்பேட்டை

முன்னதற்குச் சமரசம், பின்னதற்கு இசைவுத் தீர்ப்பு. உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் வந்ததைச் சமரச மையம் என்றுதானே சொல்கிறோம்?
— மண்ணடி வக்கீல்

 இரு தரப்பையும் இணக்கிவைப்பதற்கு ‘சந்து செய்தல்’ என்ற பழஞ்சொல் இருக்கச் சமரசம் எதற்கு? சோழன் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி இருந்த உறையூரை முற்றுகையிட்டபோது, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இரு கிள்ளிகளிடமும் புலவர் கோவூர்கிழார் பேசினாரே தவிர, தீர்ப்பா எழுதினார்? எலும்பு பொருந்துமிடமும் சந்து, இடுப்பும் சந்து, தூதும் சந்து. ஆகவே ‘சந்துரைஞர்’.
— பெரம்பூர்

ஐயா, எங்க வண்ணாரப்பேட்டையில சந்துன்னா எம்.சி. ரோட்டுப் பக்கத்துச் சந்துதான். “சந்துக்கு வாங்க, பேசித் தீத்துக்கலாம்”னு நோட்டீஸ் அடிச்சா போலீஸ் வந்துரும். பேசாம பஞ்சாயத்துன்னு போடுங்க.
— வண்ணை

முன்னால் ‘கட்ட’ தானாக ஒட்டிக்கொள்ளும், தம்பி.
— மண்ணடி வக்கீல்

எனக்கு உறுத்துவது ‘இசைவு’. தீர்ப்புக்கும் நம் இசைவு வேண்டும்போல் காதில் விழுகிறது. இசைவதோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மட்டும். அப்புறம் சொன்னது சொன்னதுதான். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் மூன்று மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். ஆனால் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. சமரசத்தில் கையெழுத்துப் போடும்வரை எழுந்து வரலாம். ‘நடுவர் தீர்ப்பு’ என்றால் என்ன? காவிரிக்கு 1990-இல் வைத்ததும் நடுவர் மன்றம்தான்.
— ராயபுரம் ஆசிரியை

நடுவரென்றால் பட்டிமன்றம் ஞாபகம் வருதே, டீச்சர்!
— வண்ணை

வரட்டும். அங்கேயும் அவர்தானே முடிவு சொல்கிறார்?
— ராயபுரம் ஆசிரியை

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘சமரசம்: முடிவு உங்கள் கையில். நடுவர் தீர்ப்பு: முடிவு அவர் கையில்.’ இப்படியே அனுப்பிவிட்டேன். நன்றி.
— தண்டையார்பேட்டை

‘சந்து’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம்.
— பெரம்பூர்