அனுப்பியவர் வைத்துக்கொண்ட கடித நகலுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கடிதம் எழுதியவர் அதை அனுப்புமுன் தம்மிடம் எடுத்து வைத்துக்கொள்ளும் நகலுக்கு ‘அலுவலகப் பிரதி’ என்னும் வழக்கே போதும் என்று இவ்விழையில் சொல்லப்பட்டது. இன்றைய அரசு அலுவலகத்துக்கு அது பொருந்தும். ஆவணக் காப்பகத் துறைக்கு அது போதாது என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1846 முதல் 1878இல் மறையும்வரை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்னும் ஆய்வு, அருங்காட்சியக நிறுவனத்தின் செயலராக, அதாவது அதன் தலைமை நிர்வாகியாக இருந்தார். அவருடைய நெருங்கிய நண்பர் அலெக்சாண்டர் டல்லஸ் பேச், 1843 முதல் அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையை நடத்தியவர். அவரே ஸ்மித்சோனியனின் ஆட்சிக்குழுவிலும் இருந்தார், 1852இல் அமைந்த கலங்கரை விளக்க வாரியத்தில் இருவரும் உடன் உறுப்பினர்கள். இத்தகையோர் எழுதிக்கொண்ட கடிதத்தில் நட்பு எங்கே முடிகிறது, அலுவல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ‘அலுவலக’ என்ற அடைமொழியோ அந்தக் கோட்டை நம்மையே கிழிக்கச் சொல்கிறது.

நகல் யாரிடம் இருந்தது என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி. 1865 ஜனவரி 24 அன்று ஸ்மித்சோனியன் கட்டடத்தில் பற்றிய தீயில், ஹென்றியின் அலுவலறையில் இருந்த, அனுப்பிய கடிதங்களின் நகல்களும் வந்த கடிதங்களும் பெருமளவில் எரிந்துபோயின. பெற்றவர்கள் தத்தம் தாள்களோடு பேணிவைத்த மூலங்கள் தப்பின; 1972 முதல் 2008 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஆவணப் பதிப்புக்கு அவை பெரிதும் துணைநின்றன.

ஆகவே ‘வைப்பு நகல்’ என முன்மொழிகிறேன். ‘வைப்புப்படி’ செறிவானதே, ஆயினும் பயணப்படி, அகவிலைப்படி என்று பழகிய கண்ணுக்கு அது ஊதியக் கணக்காகத் தோன்றும், ‘சட்டப்படி’ போலவும் படிக்கப்படும். ஈர மென்தாளை மைக்கடிதத்தின்மேல் வைத்து அழுத்தி எடுக்கும் முறைக்கு ஜேம்ஸ் வாட் 1780இல் காப்புரிமை பெற்றார். அவ்வாறு எடுத்ததை மட்டும் ‘ஒற்று நகல்’ என்போம். கையால் பெயர்த்தெழுதியதும் வைப்பு நகலே என்பதால் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

காப்பக அட்டவணையில் ‘மூலம் உண்டு, வைப்பு நகல் எரிந்தது’ என்று ஒரே வரியில் பதிய இச்சொல் இடம்தருகிறது. மறுப்பு இருப்பின், இதே வரியில் தங்கள் சொல்லைப் பொருத்தி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.