பெண்ணைப் பள்ளிக்கு சைக்கிளில் அனுப்பப் பயமாக இருக்கிறது, நெதர்லாந்தில் எப்படி?

முத்தியால்பேட்டை அம்மா:
என் பெண் எட்டாவது படிக்கிறாள். புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் இருக்கிற பள்ளிக்கு சைக்கிளில்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம். போன வாரம் நானும் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு படாரென்று திறந்தது, அவள் ஒடித்துத் திருப்பியதில் ஹேண்டில்பார் நுனி உரசியதோடு போயிற்று, கிரிப் கிழிந்து இன்னும் தொங்குகிறது. நெதர்லாந்தில் பிள்ளைகள் ஹெல்மெட்கூட இல்லாமல் தனியாகப் போகிறார்களாமே, அங்கே என்னதான் செய்தார்கள்?

டெல்ஃப்ட் ரிட்டர்ன்:
அக்கா, இரண்டு வருடம் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரத்தில் படித்தேன். அங்கேயும் ஒரு காலத்தில் நம் ஊர் கதிதான். 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், இயக்கத்துக்குப் பெயரே 'குழந்தைக் கொலையை நிறுத்து'. 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள், நெடுஞ்சாலையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கம் காசு போட்டது. குடியிருப்புத் தெருக்களில் பெரும்பாலும் 30 கிலோமீட்டர் வேகம்தான், வேகமான ரோடு என்றால் சைக்கிளுக்குத் தனிப்பாதை. சந்திப்பில் மூலைக்கு மூலை சின்னத் திட்டு இருக்கும், திரும்புகிற கார் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும், சைக்கிள் நேரே கண்ணெதிரில் தெரியும். கார் கதவை, அதற்குத் தூரமாக இருக்கிற கையால் திறக்கிற பழக்கமும் உண்டு. நம் ஓட்டுநருக்கு அது இடது கை, அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி பின்னால் வருகிறவரைப் பார்த்துவிடும்.

மஞ்சக்குப்பத்தான்:
கடலூரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது, ஓட்டத்தான் இடமில்லை. வெறும் கோடு கிழித்துப் பாதை என்றால் மறுநாளே அதில் பைக் நிற்கும். வண்டி ஏறமுடியாத உயரத்துக்குக் கட்டை வைத்தால்தான் அது பாதை, இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குருசுக்குப்பம்:
புதுச்சேரியின் நேர்நேர் தெருக்களுக்கு வரைபடம் போட்டதே டச்சுக்காரர்கள்தான், 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. ஒரு தெரு கூட்டமாக இருந்தால் அடுத்த தெரு பக்கத்திலேயே இருக்கிறது, அந்த வசதி நமக்கு இன்னும் இருக்கிறது அக்கா. பீச் ரோட்டை சாயங்காலம் வண்டிக்கு மூடுகிறார்களே, அங்கே பொடிசுகள் பயமில்லாமல் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி விடுகிற அரைமணி நேரம் வாசல் தெருவையும் அப்படி மூடச் சொல்லிக் கேட்கலாம்.

முத்தியால்பேட்டை அம்மா:
பெற்றோர் கூட்டத்தில் அந்த அரைமணி நேரத்தைக் கேட்கப்போகிறேன். நாளை உள்தெரு வழியாக அவளோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். மணிக்கூண்டுப் பக்கமிருந்து போகிற பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், நாலைந்து பேராகச் சேர்த்து அனுப்பலாம்.