டிரிபிள் ஆப்ஷனை நிறுத்துவது எப்படி: தன் ஆளைக் காப்பதா, பாய்ந்து குழப்புவதா?

நார்மன்வாசி:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2018 செப்டம்பரில் ஓக்லஹோமாவும், டிரிபிள் ஆப்ஷன் ஆடும் ஆர்மியும் (ராணுவக் கல்லூரி அணி) மோதிய ஆட்டத்தை மறுபடி முழுதாகப் பார்த்தேன். ஓவர்டைமில் 28-21 என்று ஓக்லஹோமா தப்பியது. பந்து ஆர்மியிடம் இருந்தது 44 நிமிடம் 41 விநாடி. அந்த வருடம் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி இருந்தும் ஓக்லஹோமா ஆட முடிந்தது மொத்தம் 40 பிளேதான்!

டிரிபிள் ஆப்ஷனில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை நடுவில் பாயும் ஃபுல்பேக்கிடம் தரலாம், தானே ஓடலாம், ஓரத்தில் ஓடுபவருக்குப் பின்பக்கமாக எறியலாம் (பிட்ச்). இந்த ஆட்டமுறைக்கு எதிராகப் புதுத் தந்திரம் எதுவும் வேண்டாம், ஒழுங்கு போதும். ஒருவர் ஃபுல்பேக்கைப் பிடிக்கட்டும், ஒருவர் குவார்ட்டர்பேக்கை, ஒருவர் பிட்ச் வாங்குபவரை. பந்து யாரிடம் என்று தேடவே கூடாது. சில அணிகள் ஆப்ஷன் வாரத்தில் பந்தே இல்லாமல் பயிற்சி செய்வது இதற்காகத்தான்.

மூன்றாம்டவுன்:
இதை என்னால் ஏற்க முடியாது. டிஃபென்சிவ் எண்டை (தற்காப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) யாரும் பிளாக் செய்யாமல், அதாவது மறித்துத் தள்ளாமல், ஏன் விடுகிறார்கள்? அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்த்துத்தான் குவார்ட்டர்பேக் முடிவெடுக்கிறார். எண்ட் ஒவ்வொரு முறையும் ஃபுல்பேக் மேலேயே விழுந்தால், குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடிவிடுவார். நீங்கள் சொல்லும் ஒழுங்கு, தேர்வுக்கு முன்பே விடைத்தாளைக் கொடுப்பதற்குச் சமம்.

எண்டும், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரும் வேலையை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு ஸ்னாப்பில் (பிளே தொடங்கும்போது) எண்ட் உள்ளே பாயட்டும், லைன்பேக்கர் பின்னால் சுற்றி வந்து குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கட்டும். அடுத்த ஸ்னாப்பில் எண்ட் அப்படியே நின்று தாமதிக்கட்டும். குவார்ட்டர்பேக் அரை விநாடி தயங்கினால் அதுவே நமக்கு வெற்றி.

நீங்கள் சொன்ன அதே ஆட்டத்தில் ஓக்லஹோமா லைன்பேக்கர் கென்னத் மர்ரி 28 டாக்கிள் செய்தார் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது). எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அது கவலையாக இருந்தது. லைன்பேக்கர் 28 முறை பிடிக்கிறார் என்றால் முன்வரிசையில் ஓட்டம் நிற்கவில்லை என்று அர்த்தம். தடவைக்கு நாலு யார்டு விட்டால் மூன்று பிளேயில் 12 யார்டு. பந்தைத் தக்கவைக்க நாலு பிளேயில் பத்து யார்டே போதும். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நார்மன்வாசி:
காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரத்தில் இதை யார் கற்றுக்கொடுப்பது? பயிற்சியில் எதிரணியாக நடிக்கும் நம் மாணவர்களால் ஆர்மியின் வேகத்தில் பாதிகூட ஓட முடியாது. வேலையை மாற்றும்போது இருவருமே ஃபுல்பேக்கிடம் போய்விட்டால் 60 யார்டு போச்சு. நாலு யார்டு விடுங்கள், பரவாயில்லை. டச்டவுனுக்கு அவர்கள் பதினைந்து பிளே ஓட வேண்டும். நடுவில் ஒரு ஹோல்டிங் பெனால்டி (எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கான தண்டனை), ஒரு கை நழுவல் வந்தாலே போதும். செகண்ட் டவுனில் (அந்த நாலு பிளேயில் இரண்டாவது) 15 யார்டு வேண்டும் என்ற நிலையில் இந்த அணிகள் தடுமாறும்.

அட்லாண்டாமஞ்சள்:
நான் ஜார்ஜியா டெக் ரசிகை. டிரிபிள் ஆப்ஷன் ஆடவைத்த பால் ஜான்சன் பயிற்சியாளராக இருந்த 2008 முதல் 2018 வரை எங்களை உண்மையில் நிறுத்தியது யார் என்று சொல்கிறேன். 2010 ஜனவரி ஆரஞ்சு பவுலில் (சீசன் முடிவில் நடக்கும் ஆட்டம்) அயோவா 24-14 என்று ஜெயித்தது. எங்களுக்கு மொத்தமே 155 யார்டு. அவர்களுடைய எண்ட் ஏட்ரியன் கிளேபோர்ன் பிளாக்கை உடைத்து உள்ளே வந்துகொண்டே இருந்தார். ஃபுல்பேக்குக்கு இடமே கிடைக்காவிட்டால் மீதி இரண்டு வழியும் செத்துவிடும்.

அயோவாவுக்குத் தயாராக ஒரு மாதம் இருந்ததே என்பீர்கள். மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் வாரக்கணக்கில் நேரம் இருந்தது. 2014 சீசனின் ஆரஞ்சு பவுலில் அவர்கள் மேல் 452 யார்டு ஓடி 49-34 என்று ஜெயித்தோம். முன்வரிசை தோற்றால் உங்கள் இருவர் திட்டமும் வீண்.

நார்மன்வாசி:
அப்படியானால் 2011 அலபாமாவை எப்படி விளக்குவீர்கள்? அந்த வருட சாம்பியன், நாட்டிலேயே சிறந்த முன்வரிசை. இதே ஆப்ஷன் ஆடிய ஜார்ஜியா சதர்ன் அவர்கள் மேலேயே 302 யார்டு ஓடியது.

அட்லாண்டாமஞ்சள்:
ஓடியது, 45-21 என்று தோற்றது. அலபாமா திருப்பித் திருப்பிப் புள்ளி எடுத்துக்கொண்டே இருந்தது. பந்து கிடைத்த போதெல்லாம் புள்ளி எடுப்பதும் இங்கே தற்காப்புதான். 2013-ல் ஃபுளோரிடாவால் அது முடியவில்லை. ஒரு பாஸ்கூட முடிக்காத அதே ஜார்ஜியா சதர்னிடம் 26-20 என்று தோற்றார்கள்.

மூன்றாம்டவுன்:
2022 விதி மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். தாக்கும் அணி வரிசையின் இரு ஓரத்தில் நிற்கும் டாக்கிள் என்ற ஆட்டக்காரர்களுக்கு வெளியே இடுப்புக்குக் கீழே பிளாக் செய்யத் தடை. முன்பு ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக் முழங்காலைக் காப்பாற்றவே பாதி கவனம் செலவழிப்பார். இப்போது நிமிர்ந்து நின்று பிட்ச்சுக்குப் போகலாம். ஓரம் இவ்வளவு பாதுகாப்பான பிறகும் எண்டை ஏன் கட்டிப்போட வேண்டும்?

நார்மன்வாசி:
ஓரம் பாதுகாப்பானது என்று நம்பி, கடைசியில் நிற்கும் தற்காப்பாளரான சேஃப்டியும் ஓட்டத்துக்கு இறங்கிவிடுவார். அந்த நேரத்தில்தான் அவர் தலைக்கு மேலே பாஸ் போகும். பத்து பிளே ஓடிவிட்டு ஒன்று எறிவார்கள், அது டச்டவுனாக இருக்கும். உங்கள் திட்டத்தில் சேஃப்டி யாரைப் பார்க்கிறார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மூன்றாம்டவுன்:
ஸ்லாட்பேக்கை, அதாவது தாக்கும் அணியில் வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஓரமாக நிற்பவரை. அவர் பிளாக் செய்ய வந்தால் சேஃப்டி இறங்கலாம், தாண்டி ஓடினால் கூடவே ஓட வேண்டும். அந்த ஒருவருக்கு மட்டும் வேலை மாறவே கூடாது. மாற்றுவதெல்லாம் முன்னால் நிற்கும் இருவருக்குள்தான்.