உள்ளூர் நிலையம் டிஷ் சேவையிலிருந்து நீக்கப்பட்டால் சந்தாதாரருக்கு என்ன வழி?

கேள்வி:
அமெரிக்காவில் வசிக்கும் நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பகுதியின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் மூன்று வாரங்களாக எங்கள் டிஷ் சேவையில் வரவில்லை. நிலையம் அளவுக்கு மீறிக் கட்டணம் கேட்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு ஓடுகிறது. நிலையத்தின் இணையதளமோ பழியை டிஷ் நிறுவனத்தின் மீது போடுகிறது. வானலையில் இலவசமாகக் கிடைக்கும் நிலையத்துக்கு ஏன் கட்டணம்? பக்கத்து நகரில் அதே நெட்வொர்க்கின் (நிலையங்களுக்கு நிகழ்ச்சி வழங்கும் தேசிய நிறுவனத்தின்) நிலையம் இருக்கிறதே, அதையாவது ஏன் காட்ட மறுக்கிறார்கள்? மாலைச் செய்தியும் புயல் எச்சரிக்கையும் பார்க்க முடியாமல் என் மாமியார் தவிக்கிறார்.

மறுமொழி 1:
இதன் வேர் 1992ஆம் ஆண்டின் கேபிள் சட்டத்தில் இருக்கிறது. தன்னைக் கட்டணமின்றிக் கட்டாயமாக ஒளிபரப்பும்படி கோரலாம், அல்லது தன் அலைவரிசையைக் கேபிள், டிஷ் வழியே காட்ட ஒப்புதல் அளிக்கப் பணம் கேட்டுப் பேரம் பேசலாம் என்ற தெரிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிலையங்களுக்கு அது வழங்கியது. பெரிய நெட்வொர்க்குகளோடு இணைந்த நிலையங்கள் இயல்பாகவே இரண்டாவதைத் தெரிவு செய்கின்றன. ஒப்பந்தம் காலாவதியானால், ஒப்புதலின்றி அலைவரிசையைக் காட்டுவது சட்டமீறல் என்பதால் டிஷ் நிறுவனம் அதை நீக்கியே ஆக வேண்டும். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. ஆணையம் இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்று வற்புறுத்தலாமே தவிர, விலையை நிர்ணயிக்கவோ பேச்சு முடியும்வரை ஒளிபரப்பைத் தொடரச் சொல்லவோ தனக்கு அதிகாரம் இல்லை என்றே கருதிவருகிறது. பக்கத்து நகர நிலையத்தைப் பொறுத்தவரை, செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கான பதிப்புரிமை உரிமம் பொதுவாக அந்தந்த நிலையத்தின் சந்தைப் பகுதிக்குள்ளேயே, அதாவது அதற்குரிய ஒளிபரப்பு வட்டாரத்துக்குள்ளேயே, செல்லுபடியாகும். விலக்குகள் மிகக் குறுகியவை.

மறுமொழி 2:
உள்ளூர் நிலையம் ஒன்றின் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விளம்பர வருவாய் இணையத்துக்குச் சென்றபின், இந்தக் கட்டணம் இல்லையென்றால் உங்கள் மாமியார் பார்க்கும் செய்தியைத் தயாரிக்கவே ஆள் இருக்காது. ஆனால் அந்தப் பணம் முழுவதும் செய்திக்குப் போவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒருகாலத்தில் தேசிய நெட்வொர்க்குகள் நிலையங்களுக்குப் பணம் கொடுத்தன. இன்று நிலையங்கள் வாங்கும் கட்டணத்தில் பெரும்பங்கை நெட்வொர்க்குகளே கேட்டு வாங்கிக்கொள்கின்றன, அதனால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் நிலையம் கூடுதலாகக் கேட்க வேண்டிய நெருக்கடி உருவாகிறது.

மறுமொழி 3:
நெருக்கடி நிலையத்துடையதாக இருக்கலாம். அதன் சுமை மட்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத சந்தாதாரர் தலையில் விழுவது எந்த வகையில் நியாயம்? அமெரிக்கக் கால்பந்துப் பருவம் நெருங்கும்போது அலைவரிசை மறைவது தற்செயல் என்று நான் நம்பவில்லை. 2021 அக்டோபரில், பல உள்ளூர் நிலையங்களை வைத்திருந்த டெக்னா குழுமத்தின் நிலையங்களை இழந்த ‘டிஷ் நெட்வொர்க்’ என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் சந்தாதாரர்கள் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். 2023 ஜூலையில் டைரக்டிவி என்ற மற்றொரு செயற்கைக்கோள் சேவையில் நெக்ஸ்டார் என்ற நிலையக் குழுமத்தின் 150க்கும் மேற்பட்ட நிலையங்கள் மறைந்து செப்டம்பரில்தான் திரும்பின. ஆகவே காத்திருக்காமல் ஓர் ஆன்டெனா வாங்கிவிடுங்கள். கோபுரங்கள் எந்தத் திசையில் உள்ளன என்பதை எஃப்.சி.சி. தளத்தின் வரைபடத்தில் முகவரியை இட்டுப் பார்க்கலாம். மலையோ உயர்ந்த கட்டடமோ குறுக்கே இருந்தால் கூரைமேல் வைப்பது நல்லது. உங்களுக்குச் சொந்தமான கூரையில் அதை வைக்கக் குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது என்று 1996ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது. டிஷ் நிறுவனத்தை அழைத்து, நீக்கப்பட்ட நாள்களுக்கான தொகையைக் கழிக்கும்படி தெளிவாகக் கேளுங்கள். கேட்பவருக்கு மட்டுமே கழிவு தருவது பல நிறுவனங்களின் வழக்கம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன், கோபுரம் வீட்டுக்குத் தென்கிழக்கே இருக்கிறது, இடையில் மலை ஏதும் இல்லை. நாளை ஆன்டெனாவைப் பொருத்திவிட்டு, கழிவு கேட்டு நிறுவனத்தையும் அழைக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: ஆன்டெனாவில் வரும் செய்தியை டிஷ் நிறுவனத்தின் பெட்டியிலேயே பதிவு செய்ய இயலுமா, அல்லது அதற்குத் தனிக் கருவி வேண்டுமா?