ஆபீஸ் வேலைக்கும் வேலரன்டுக்கும் ஒரே மவுஸ்: 2,500க்குள் எது சரி?

புளியரைப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு புளியரை. வேலை மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில். பகலெல்லாம் டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி போர்ட்டல். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வேலரன்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம். இரண்டுக்கும் லேப்டாப்போடு சும்மா கொடுத்த மவுஸை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது அதன் இடது பட்டனுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஃபோல்டரை ஒரு தட்டு தட்டினாலே திறந்துகொள்கிறது. ஆட்டத்தில் வாண்டல் துப்பாக்கியால் பட்டனை அழுத்திப் பிடித்துச் சுடும்போது நடுவில் தானாக விட்டுவிடுகிறது. கூட ஆடுகிறவர்கள் நான் பயந்து கையை எடுத்துவிடுகிறேன் என்கிறார்கள்.

2,500 ரூபாய் வரை போகலாம். என் கை சின்னது, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 17 செ.மீ. தினமும் பையில் போட்டு கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். ஆபீஸ் மேஜைமேல் கண்ணாடி, அதற்கடியில் முதலாளி வைத்த சாமி படமும் விசிட்டிங் கார்டுகளும். அப்புறம் ஒரு சிக்கல், சாயங்காலம் இதே லேப்டாப்பைத் தங்கச்சி எடுப்பாள், அவளுக்கு இடது கைப் பழக்கம்.

கடையில் 700 ரூபாய்க்கு 12,800 டிபிஐ என்று எழுதி, ஏழு கலரில் லைட் எரிகிற ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்திலேயே இரண்டு மடங்கு விலைக்குப் பேர்போன கம்பெனியின் 8,000 டிபிஐ மவுஸ். டிபிஐ கூடினால் நல்லதுதானே? கேரளாவில் வாங்கினால் இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் சொல்லுங்கள்.


கொழிஞ்சாம்பாறை கிளட்ச்:

ஜி304 எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். லாஜிடெக் ஹீரோ சென்சார், ஒயர்லெஸ், ஒரே ஒரு ஏஏ பேட்டரி. 250 மணி நேரம் வரை ஓடும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் ஜி305 என்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான். பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டும், ஆன்லைனில் ஆஃபர் போடும்போது பிடித்துவிடலாம். ஒயர் இல்லாமல் ஆடிப் பழகியவன் திரும்ப ஒயருக்குப் போக மாட்டான்.


செங்கோட்டை சர்வீஸ்:

தம்பி, நமக்கு செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. மவுஸ் விற்பது கம்மி, கழற்றிப் பார்ப்பதுதான் ஜாஸ்தி. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்த 12,800ஐ முதலில் விடுங்கள். மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் சென்சார் எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பதுதான் டிபிஐ. விண்டோஸில் பாயின்டர் வேகத்தை மாற்றாமல், என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷனை அணைத்து வைத்திருந்தால் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல். 1920 பிக்சல் அகலத் திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக 800 டிபிஐயில் 2.4 அங்குலம் கை நகர வேண்டும். 8,000 டிபிஐயில் கால் அங்குலம்கூட வேண்டாம். அந்த வேகத்தில் எக்ஸெல்லில் ஒரு நெடுவரிசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், தெரியும். வேலரன்ட் ஆடுகிற பையன்கள் பெரும்பாலும் 400, 800, 1600 இதற்குள்தான் வைத்திருக்கிறார்கள். 700 ரூபாய் மவுஸில் போட்டிருக்கும் பெரிய எண் பல நேரம் சென்சார் நிஜமாகப் பார்ப்பது இல்லை, பார்த்ததைப் பெருக்கிச் சொல்வது. பெருக்கினால் நடுக்கமும் சேர்ந்து பெருகும்.

அதைவிட போலிங் ரேட்டைப் பாருங்கள். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான் மவுஸ் தகவல் சொல்லும். 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. உங்கள் லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 16.7 மில்லி செகண்ட் இடைவெளி, அதனால் தலைகீழ் மாற்றமெல்லாம் தெரியாது. ஆனாலும் 1000 இப்போது சாதாரண கேமிங் மவுஸிலேயே வருகிறது, அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் பட்டன் விஷயம். பயமுமில்லை, கை வழுக்கலுமில்லை, ஸ்விட்ச்தான். பட்டனுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மூன்று காலோடு ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் மூடியை மெல்லிய ஊசியால் நெம்பினால் உள்ளே செம்பு நிறத்தில் ஒரு தகடு, நடுவில் நாக்கு மாதிரி ஒரு வளைவு. அந்த வளைவு மடங்கும் சத்தம்தான் நமக்குக் கேட்கிற டிக். தகட்டின் நுனி ஒரு புள்ளியைப் போய்த் தொடும். இரண்டும் உலோகம், மோதினால் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். சில மில்லி செகண்ட் துள்ளலை மவுஸில் இருக்கும் சிப் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தொடும் இடம் கறுத்துப் படலம் பிடித்தாலோ, தகடு தளர்ந்தாலோ துள்ளல் அந்தக் கணக்கைத் தாண்டும். அப்போது ஒரு தட்டு இரண்டாகும், அழுத்திப் பிடித்தது நடுவில் விட்டுப்போகும். கண்ட்ரோல் பேனலில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வேறு விஷயம்.

நம் ஊர் பக்கம் இது சீக்கிரம் வருவதற்கு ஈரமும் ஒரு காரணம். ஆனி பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று திரும்பினால் போதும், புளியரைக்குத்தான் முதல் சாரல். பீரோவில் மடித்து வைத்த வேட்டியே நமுத்துப் போகும், மவுஸ் எந்த மூலைக்கு? குற்றாலத்தில் சீசன் போர்டு மாட்டுகிற நேரத்தில் என் மேஜையில் டபுள் கிளிக் கேஸ் வரிசையாக நிற்கும். அந்தப் புள்ளியைத் துடைத்துக் கொடுத்தால் கொஞ்ச நாள் ஓடும். ஸ்விட்சையே மாற்றினால் நன்றாக ஓடும். மூன்று கால் ஸ்விட்ச் பெரும்பாலும் ஒரே அளவுதான், ஓம்ரான், கெய்ல் என்று தனியாகக் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. உங்கள் பழைய மவுஸைக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன், தங்கச்சி வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வாங்குவதை மட்டும் வாரண்டி இருக்கும்வரை யாரும் திறக்க விடாதீர்கள்.

ஆப்டிகல் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. அதில் தகடு தொட்டு மின்சாரம் பாய்வதில்லை, ஒளியை மறைத்துத் திறந்து கிளிக்கை அறிகிறது. துள்ளல் தொல்லையே கிடையாது. ரேசர் 2019இல் வைப்பர் மவுஸில் கொண்டுவந்தது. உங்கள் பட்ஜெட்டுக்குள் ஆப்டிகல் ஸ்விட்ச் போட்ட நல்ல மவுஸ் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஆனால் பெட்டியில் ஆப்டிகல் மவுஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது சென்சாரைச் சொல்வது, ஸ்விட்சை அல்ல. கடைக்காரர்களே இதில் குழம்புவார்கள்.

பக்கவாட்டில் ரப்பர் பூச்சு உள்ளதை வாங்காதீர்கள். புதிதில் பிடிக்க சுகமாக இருக்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தால் பூச்சே வழண்டு வரும். சாதா பிளாஸ்டிக் போதும்.

வடிவம்தான் கடைசியில் தீர்மானிக்கும். ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் நல்ல மவுஸ்தான், ஆனால் 127 மில்லிமீட்டர் நீளம், வலது கைக்கென்றே வளைத்தது. 17 செ.மீ. கைக்குப் பெரிது, தங்கச்சிக்கு உதவவே உதவாது. லாஜிடெக் ஜி102 சுமார் 117 மில்லிமீட்டர், 85 கிராம், இரண்டு பக்கமும் ஒரே வளைவு, 8,000 டிபிஐ, 1000 ஹெர்ட்ஸ். உங்களுக்கு இதுதான். மிச்சக் காசில் ஒரு பெரிய துணி மவுஸ் பேடு வாங்குங்கள். கண்ணாடிமேல் சாதாரண சென்சார் தடுமாறும், அடியில் சாமி படம் இருந்தாலும் காப்பாற்றாது.

டேலிக்கு மவுஸ் எதற்கு என்று கேட்க நினைத்தேன். கீபோர்டிலேயே ஓட்டுகிற ஆளைத்தான் எங்கள் காலத்தில் டேலி தெரிந்தவன் என்போம். சரி, 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ரிட்டர்ன் போட ஜிஎஸ்டி போர்ட்டலில் கிளிக் செய்தே விரல் தேயும், அது புரிகிறது.


கொழிஞ்சாம்பாறை கிளட்ச்:

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒயர்லெஸ் என்றாலே லேக் ஆகும் என்கிற காலம் போய்விட்டது. ஜி304உம் 1000 ஹெர்ட்ஸ்தான், அதே அளவு, அதே வடிவம். பஸ்ஸில் கொண்டுபோகிறவருக்கு ஒயர் எதற்கு?


செங்கோட்டை சர்வீஸ்:

லேக் என்று நான் சொல்லவே இல்லையே தம்பி. லேப்டாப்பில் செருகும் சின்ன ரிசீவர், அதாவது டாங்கிளில் ஓடும் நல்ல கேமிங் மவுஸில் லேக் கிடையாது. ப்ளூடூத்தில் ஓடுவது வேறு, அதில் ஆட வேண்டாம், ஆபீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஜி304 பேட்டரியோடு 99 கிராம். அல்கலைன் ஏஏ செல்லே 23 கிராம் பக்கம் வரும், அதுவும் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அடாப்டர் போட்டு ஏஏஏ செல் மாட்டிக் குறைக்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் போடும். அதில் பென்டிரைவோ ஹார்ட்டிஸ்கோ ஓடும்போது பக்கத்துத் துளையில் டாங்கிள் இருந்தால் மவுஸ் திக்கும். ஆபீஸில் பேக்கப் எடுக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும், மவுஸ் கெட்டுவிட்டது என்று என்னிடம் தூக்கி வருவார்கள். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் மாட்டி டாங்கிளைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஒயர் வேண்டாமென்று வாங்கிய மவுஸுக்கு ஒயர்.

புளியரைத் தம்பி பட்ஜெட்டைத் தாண்டத் தயார் என்றால் 304 வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். 102 வாங்கினால் பையில் வைக்கும்போது ஒயரை மவுஸைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. ஒயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்தில் மடிந்து உள்ளே அறுந்துபோகும், வெளியே ஒன்றும் தெரியாது. தளர்வாக வளையமாக்கி ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள்.


குமுளி இடங்கை:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கும் இடது கைதான். இரண்டு பக்கமும் ஒரே வளைவு என்பதால் இடது கைக்கு முழுசாகப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். 102, 304 இரண்டிலும் சைடு பட்டன் இடப்பக்கம் மட்டும்தான். இடது கையில் பிடித்தால் அது கட்டைவிரலுக்கு எட்டாது, மோதிர விரல்தான் அதன்மேல் உட்காரும். பிரவுசரில் தெரியாமல் பட்டுப் பின்பக்கம் போய்விடும். பாதி நிரப்பிய ஃபாரம் அப்படிப் போனால் அழுகை வரும். தங்கச்சிக்கு விண்டோஸில் தனி யூசர் ஒன்று போட்டுக் கொடுங்கள். இடது வலது பட்டன் மாற்றும் செட்டிங் யூசருக்கு யூசர் தனி, உங்கள் பக்கம் ஒன்றும் மாறாது. அவள் பட்டனை மாற்றாமலேயே பழகியிருக்கிறாளா என்று முதலில் கேளுங்கள். நானெல்லாம் நடுவிரலால்தான் கிளிக் செய்கிறேன், மாற்றி வைத்தால் தடுமாறிப் போவேன்.


புளியரைப் பையன்:

அக்கா, கேட்டேன். அவளும் நடுவிரல் கட்சிதானாம். எதையும் மாற்ற வேண்டாம், பழைய மவுஸைச் சரி பண்ணித் தந்தால் போதும் என்கிறாள். கிளட்ச் ப்ரோ மன்னிக்கவும், 102 வாங்கலாம் என்று இருக்கிறேன், மாசக் கடைசி. அண்ணாச்சி, கடையில் எதைப் பார்த்து வாங்குவது? வாரண்டி பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? பேடு எவ்வளவு பெரிசு வேண்டும்?


செங்கோட்டை சர்வீஸ்:

ஆடிட்டர் ஆபீஸ் ஆளுக்கு நான் வரி சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், புனலூரிலும் தென்காசியிலும் ஒன்றுதான். வெள்ளத்துக்காகக் கேரளாவில் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை ஒரு சதவீதம் செஸ் போட்டார்கள், அப்போது அங்கே வாங்கினால் கொஞ்சம் கூடும். இப்போது அது இல்லை. வாரண்டி கம்பெனி தருவது, எந்த மாநிலத்து பில் என்று பார்க்க மாட்டார்கள். பில் வேண்டும், மவுஸில் இருக்கும் சீரியல் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்டிமேட் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கடையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நோட்பேடில் நாலு வரி அடித்து, இடது பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக மேலிருந்து கீழே தேர்வு செய்யுங்கள், நடுவில் விடக் கூடாது. வீலை ஒரே திசையில் உருட்டுங்கள், திரையில் ஓடும் பக்கம் எதிர்த்திசையில் ஒரு துளிகூடத் துள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் விண்டோஸில் என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கை வேகத்துக்குத் தக்கபடி பாயின்டர் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

பேடு விஷயம். வேலரன்டில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி என்கிற திரும்பும் வேகம் 0.35 வைத்தால் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் கிட்டத்தட்ட 47 செ.மீ. ஓட வேண்டும். பின்னால் வருகிறவனைப் பார்க்க அதில் பாதி. 45க்கு 40 செ.மீ. பேடு வீட்டில் விரித்துக்கொள்ளுங்கள், ஓரம் தைத்ததாக இருக்கட்டும், தைக்காதது நூல் நூலாகப் பிரியும். ஆபீஸுக்குச் சின்னது ஒன்று போதும், முதலாளி கண்ணாடியை முழுக்க மூடினால் திட்டுவார். சாரல் காலத்தில் துணி பேடு ஈரத்தை இழுத்து மவுஸைக் கனமாக்கும், பூஞ்சை வாடையும் வரும். அப்போது கொஞ்சம் ஷாம்பூ போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல், ஃபேனுக்கு அடியில் தட்டையாகப் போடுங்கள். அயர்ன் பாக்ஸைக் காட்டினால் அடி ரப்பர் சுருண்டுவிடும்.